வீட்டிலேயே மாடுலர் சிந்தசைசர்: மின்வழங்கியில் தொடங்குங்கள்

ஒலியை உண்டாக்கும் பகுதி, அதை வடிகட்டும் பகுதி, அளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதி ஆகியவற்றைத் தனித்தனி மாட்யூல்களாகச் செய்து, வேண்டியபடி வயர் செருகி இணைத்துக்கொள்ளும் இசைக்கருவியே மாடுலர் சிந்தசைசர். ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் கொண்டுவந்த யூரோராக் அளவுகளே இன்று பரவலாகப் புழங்குகின்றன: பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் மின்சாரம், 128.5 மி.மீ. உயர முகப்புத் தகடு, 3.5 மி.மீ. ஜாக்.

தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டரில்தான் முதலில் கை வைக்கிறார்கள். கொங்குப் பகுதியில் இருப்பவர்களோ மின்வழங்கியை முதலில் செய்து முடிப்பது நல்லது. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகள் ஓடும் தெருக்களிலும், கிணற்று மோட்டார்களை ஒரே நேரத்தில் போடும் தோட்டத்து வீடுகளிலும் 230 வோல்ட் என்பது பல வேளைகளில் பெயரளவுக்குத்தான். 7812 ரெகுலேட்டர் 12 வோல்ட்டை நிலையாகத் தர, அதன் உள்ளீட்டில் குறைந்தது 14 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கினால், 12-0-12 (நடுவயரின் இருபுறமும் 12 வோல்ட் தரும்) டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து டையோடுகளைக் கடந்து வருவது 13 வோல்ட்டைக்கூடத் தொடாது. உடனே இசையில் உறுமல் ஏறும். ஆகவே 15-0-15, 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரை அடுத்து, பிளஸ், மைனஸ் பக்கங்களுக்கு ஒவ்வொன்றாக 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர்களைப் போடுங்கள். வெப்பம் சற்றுக் கூடும். ஹீட்சிங்க் அதைப் பார்த்துக்கொள்ளும்.

மைனஸ் பக்கத்துக்கான 7912 பார்வைக்கு 7812 போலவே இருந்தாலும் அதன் கால்களின் வரிசை வேறு: 7812இல் உள்ளீடு, கிரவுண்டு, வெளியீடு, 7912இல் கிரவுண்டு, உள்ளீடு, வெளியீடு. அதன் உலோக முதுகும் கிரவுண்டோடு அல்லாமல் உள்ளீட்டோடு இணைந்திருப்பதால், இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் பொருத்துவதாக இருந்தால் மைக்கா தகடும் பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம். 230 வோல்ட் பக்கத்தில் ஃபியூஸும் எர்த் இணைப்பும் வைத்து, வயரிங் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

முதல் மாட்யூலான ஆசிலேட்டருக்கு, ஆறு இன்வெர்ட்டர்கள் (உள்ளீட்டைத் தலைகீழாக்கித் தரும் சுற்றுகள்) அடங்கிய 40106 ஐ.சி. போதும். 14ஆம் காலுக்கு பிளஸ் 12 வோல்ட், 7ஆம் காலுக்கு கிரவுண்டு, இரண்டுக்கும் நடுவே ஐ.சி.யை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர். 1ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட், 2ஆம் காலிலிருந்து 1ஆம் காலுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடராக 1 மெகா ஓம் பாட் (திருகிச் சுருதியை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர்). இவ்வளவிலேயே ஏறக்குறைய 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை சதுர அலை கிடைக்கும். சரியான எண் சிப்புக்குச் சிப்பு மாறும். 2ஆம் காலை 3ஆம் காலோடு இணைத்து, ஒலியை 4ஆம் காலிலிருந்து எடுத்தால், வெளியே எதைச் செருகினாலும் சுருதி அசையாது. அங்கிருந்து 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஜாக்குக்குச் செல்லுங்கள். பயன்படாத 5, 9, 11, 13ஆம் கால்களை கிரவுண்டோடு கட்டிவிட வேண்டும். கீபோர்டுக்கு ஏற்ப, ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) 1 வோல்ட் என்ற கணக்கில் இதன் சுருதியை மாற்ற முடியாது. அதற்கு ஏஎஸ்3340 போன்ற ஐ.சி. வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாட்யூலுக்கு மின்சாரம் கொண்டுவரும் யூரோராக்கின் 10 பின் இணைப்பில் ரிப்பன் வயரின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட்டைக் குறிக்கும். திருப்பிச் செருகினால் ஐ.சி. போய்விடும் என்பதால், ஒவ்வொரு மின் வழியிலும் தொடராக ஒரு 1என்5819 டையோடு வைப்பது மலிவான காப்பீடு.

முகப்புத் தகட்டில் நம் பக்கத்துக்காரர்களுக்குத்தான் வசதி. கோவையின் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைகளில் 2 மி.மீ. அலுமினியத்தை வெட்டித் தர ஆள் தேட வேண்டியதில்லை. பம்பு உதிரிபாகம் வெட்டிப் பழகியவர் இது எந்த மோட்டாருக்கு என்று கேட்டால் மட்டும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அகலம் 5.08 மி.மீ.யின் மடங்காக இருக்க வேண்டும். 8 மடங்குக்கு 40.64 வரும் என்றாலும் 40.3 என்றே வெட்டச் சொல்லுங்கள், இல்லையேல் பக்கத்துத் தகடு உட்காராது. ஜாக்குக்கு 6 மி.மீ. துளை பெரும்பாலும் பொருந்தும். பொட்டென்ஷியோமீட்டரின் கழுத்து கடைக்குக் கடை மாறுவதால், வாங்கியதை வெர்னியரில் அளந்த பிறகே வரைபடத்தைக் கொடுங்கள்.