தேர்தல்ல தோத்த பிறகு சாமி முன்னாடி எப்படிப் போய் நிக்கிறது

சிங்கப்பூர்ல எதிர்க்கட்சிக்காக வீடு வீடா ஏறி இறங்கி, தோத்துப்போய், அதுக்கப்புறம் கோயில் பக்கமே போகப் பிடிக்காம இருக்கிற நம்ம ஆளுங்களுக்காக எழுதுறேன். 2025 மே 3 ராத்திரி ஜாலான் காயு தனித்தொகுதியில 51.47 சதவீதத்துக்கு 48.53 சதவீதம்னு முடிஞ்சுச்சே, அந்த மாதிரி தோல்விதான் ரொம்ப வலிக்கும், ஏன்னா மாதிரி வாக்கு எண்ணிக்கை (கொஞ்சம் ஓட்டை மட்டும் எண்ணி முன்கூட்டியே சொல்றது) வந்ததுலேர்ந்து கடைசி முடிவு அறிவிக்கிற வரைக்கும் எல்லாரும் உள்ளுக்குள்ள வேண்டிக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க, கடைசில வேண்டுதலும் சேர்ந்து தோத்த மாதிரி ஆயிடும்.

அதனால முதல்ல இதைப் பிரிச்சு வைங்க. ஓட்டு போட்டது மனுஷங்க. விலைவாசி, வேலை, பிள்ளைங்க படிப்பு, பேட்டைய யார் பார்த்துக்குவாங்க, இதெல்லாம் யோசிச்சு அவங்கவங்க போட்டாங்க. அது அம்மன் உங்களுக்கு எழுதின தீர்ப்பு இல்ல. ஜெயிச்சிருந்தாலும் "சாமி நம்ம கட்சி"ன்னு சொல்லியிருக்க முடியாதுல்ல, அதே நியாயம்தான் தோத்தாலும்.

முதல் வாரம் பெரிசா எதுவும் செய்ய வேணாம். "கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே"ன்னு யாராவது கண்டிப்பா வந்து சொல்வாங்க, அது உண்மைதான், ஆனா அந்த வாரத்துல மண்டைக்குள்ள ஏறாது. தூங்குங்க, வாட்ஸ்அப் குரூப்ப மியூட் பண்ணுங்க, அழுகை வந்தா அழுதுடுங்க.

அப்புறம் ஒரு நாள், கூட்டமில்லாத நேரமாப் பார்த்து, தேக்கா வீரமாகாளியம்மன் கோயிலோ டேங்க் ரோடு முருகன் கோயிலோ உங்களுக்குப் பழக்கமான இடத்துக்குப் போங்க. அர்ச்சனை சீட்டு கூட வேணாம், எதையும் கேக்காம சும்மா நில்லுங்க. கோபம் வந்தா அதை அப்படியே சொல்லுங்க. "உனக்குக் கண்ணில்லையாடி தாயே"ன்னு அம்மன்கிட்டயே சண்டை போட்ட பாட்டிங்க வளர்த்த பிள்ளைங்க நாம, சாமியத் திட்டுற உரிமை நம்ம பக்தியில எப்பவும் இருந்திருக்கு. வாயே திறக்காம வீட்டுலயே உட்கார்ந்திருக்கிறதை விட சண்டை போடுறது எவ்வளவோ மேல், சண்டைக்கு எதிர்ல ஒருத்தர் இருக்காங்கன்னு நம்புறதாலதானே போடுறோம்.

இன்னொன்னு, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதிக்கு வருஷா வருஷம் போறவங்க அதுக்குப் பின்னாடி இருக்கிற பாரதக் கதைய இப்ப ஒரு தடவை மறுபடி யோசிச்சுப் பாருங்க. பாண்டவர்களுக்கு சபையில எல்லாத்தையும் தோத்துட்டு 12 வருஷம் காடு, 1 வருஷம் ஆள் தெரியாம மறைஞ்சு வாழ்க்கை. அந்தக் காட்டுல இருந்தப்பதான் அர்ஜுனன் தபசு பண்ணி பாசுபதம் வாங்கினான், அரண்மனையில இருந்தப்ப இல்ல. எனக்கு தைரியம் குடுத்தது அந்த இடம்தான். ஆனா ஒண்ணு ரொம்ப முக்கியம், எதிர்ல நின்னவங்களை கௌரவர்களாக்கிடாதீங்க. அவங்களுக்கு ஓட்டு போட்டவங்க உங்க மாடியிலயே இருக்கிற அக்காவும் மாமாவும்தான்.

அந்த அக்காகூடவே போய் வேலை செய்யுங்க, நம்பிக்கை திரும்பி வர்ற வழி இதுல பாதிக்கு மேல இருக்குன்னு நான் நினைக்கிறேன். அன்னதானத்துக்கு காய் வெட்டுறது, பாத்திரம் கழுவுறது, விசேஷ நாள்ல வயசானவங்களை வரிசையில கூட்டிட்டுப் போறதுன்னு எது கிடைச்சாலும் சரி. அங்க கட்சிப் பேச்சே வேணாம். 1990ல நிறைவேறின மத நல்லிணக்கச் சட்டப்படி மதத்தோட பேர்ல கட்சி அரசியல் பண்றவங்களுக்கு தடையாணையே போடலாம், சட்டத்தை விடுங்க, கோயில் எல்லாருக்கும் பொதுவா இருந்தாதான் தோத்தவனும் வந்து நிக்க முடியும்.

மனசு கொஞ்சம் தேறினதும் ஒரு தாள் எடுத்து, நீங்க உண்மையில எதுக்காக இறங்கினீங்கன்னு எழுதுங்க. கட்சி ஜெயிக்கணும்கிறது ஒரு பக்கம், வாடகை வீட்டுல தனியா இருக்கிற முதியவருக்கு யாராவது குரல் குடுக்கணும்கிறது இன்னொரு பக்கம். முதல் பக்கம்தான் தோத்துச்சு. ஜே.பி. ஜெயரத்னத்தைப் பாருங்க, ஆங்கிலிக்கன் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த நம்ம தமிழர், 1970கள்ல நின்ன தேர்தல் எல்லாத்துலயும் தோத்தவர், 1981 அக்டோபர் 31ல ஆன்சன் தொகுதி இடைத்தேர்தல்ல 653 ஓட்டுல ஜெயிச்சு சுதந்திரத்துக்கப்புறம் நாடாளுமன்றத்துக்குள்ள போன முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஆனார். அதுக்கப்புறமும் பதவி போச்சு, திவால் ஆனார், 2008ல 82 வயசுல மறுபடி புதுசா ஒரு கட்சி ஆரம்பிச்சார். வெற்றிய வச்சு மட்டும் கொள்கைய அளந்திருந்தா அந்த மனுஷன் 1972ல தோத்தப்பவே வீட்டுக்குப் போயிருப்பார்.

கடைசியா நேர்த்திக்கடன். இந்தத் தடவை "ஜெயிச்சா செய்யிறேன்"னு வேண்டாதீங்க. அந்தத் தாளோட இரண்டாவது பக்கத்துலேர்ந்து ஒரே ஒரு வேலைய எடுத்து, ஒரு மண்டலம், அதாவது 48 நாள் செய்யிறேன்னு சாமி முன்னாடி சொல்லிட்டு ஆரம்பிங்க. தினமும் ஒருத்தரையாவது போய்ப் பார்க்கிறது, சிங்பாஸ் (அரசாங்க ஆன்லைன் சேவைக்கான அடையாளக் கணக்கு) தெரியாத தாத்தாவுக்கு படிவம் நிரப்பிக் குடுக்கிறது, அந்த அளவுக்கு சின்னதா இருக்கட்டும், காலையில விளக்கேத்தும்போது அன்னிக்குப் பார்க்கப் போற ஆளோட பேரைச் சொல்லி ஒரு கும்பிடு போட்டுட்டுக் கிளம்புங்க.