பிள்ளை பிறக்க முதலே கதைச்சு வையுங்கோ: அடிக்காம வளர்க்க ஆயத்தமாகிறது எப்பிடி

முதல் பிள்ளைக்குக் காத்திருக்கிற ஆக்கள் தொட்டில், நுளம்பு வலை, பேர் எண்டு எல்லாம் பாத்துப் பாத்து ஆயத்தப்படுத்துவினம், ஆனா பிள்ளை குழப்படி செய்தா என்ன செய்யிறது எண்டு மட்டும் புருசனும் பெண்சாதியும் கதைக்கிறதே இல்ல, பிறகு அந்த நேரம் வரேக்க கைக்கு ஆப்பிடுறது பூவரசந்தடியோ அகப்பைக்காம்போதான். அதால கிளினிக் கொப்பியோட திரியிற இந்த மாசங்களிலேயே தொடங்குங்கோ.

ஒரு பின்னேரம் ஃபோன அங்கால வச்சிட்டு ரெண்டுபேரும் இருந்து கதையுங்கோ. சின்னனில உங்கள ஆர் அடிச்சது, எதுக்கு, அதுக்குப்பிறகு அந்த வேலைய விட்டனீங்களோ இல்ல ஒளிச்சுச் செய்தனீங்களோ எண்டு ஒருத்தர ஒருத்தர் கேளுங்கோ. இப்ப எங்கட பக்கத்தில தாய் தேப்பனாகிற கனபேர் 2009 இல வன்னிப் போரில செல்லடிக்குள்ளயும் பிறகு முகாமுக்குள்ளயும் நிண்ட சின்னப் பிள்ளையள், பெரிய சத்தம் கேட்டா இண்டைக்கும் உடம்பு விறைக்கிற ஆக்கள் இருக்கினம். பிள்ளை வீரிட்டுக் கத்தேக்க அது திருப்பிக் கிளம்பலாம், தனக்கு அப்பிடி வாறது எண்டு முதலே மற்றவருக்குச் சொல்லி வச்சா அந்த நேரம் மற்றவர் பிள்ளைய வாங்கிக்கொள்ளுவார். "இஞ்ச, நீங்க ஒருக்காப் பிடியுங்கோ" எண்டா கேள்வி கேக்காம வாங்கிறது, இதைக் கட்டாயம் பேசி முடிவெடுங்கோ.

அடுத்தது வீட்டில மூத்த ஆக்கள். அம்மம்மா, மாமி இல்லாம இஞ்ச ஒருத்தரும் பிள்ளை வளர்க்கிறேல்ல, அவையோட சண்டை பிடிக்கத் தேவையில்ல. "அம்மா, நாங்க ரெண்டுபேரும் பிள்ளைக்குக் கை நீட்டுறேல்ல எண்டு முடிவெடுத்திட்டம், நீங்களும் எங்களோட நில்லுங்கோ" எண்டு பிறக்க முதலே மரியாதையாச் சொல்லுங்கோ. உடன "முருங்கைய முறிச்சு வளர், பிள்ளைய அடிச்சு வளர்" எண்டுவினம். அதுக்கு நான் சொல்லுற பதில் ஒண்டுதான்: பயந்த பிள்ளை மறைக்கும். எங்கட காணியளுக்குள்ள இண்டைக்கும் வெடிபொருள் கிடந்து எடுபடுது. பத்தைக்குள்ள ஏதோ ஒரு இரும்பக் கண்ட பிள்ளை அத வீட்ட ஓடிவந்து சொல்லோணும், "ஏன் அங்க போனனி" எண்டு அடி விழும் எண்டு தெரிஞ்சா சொல்லாது. ஒரு பெரிய ஆள் தன்னைத் தொடக்கூடாத இடத்தில தொட்டாலும் அப்பிடித்தான், சொல்லாது. என்னத்தச் செய்தாலும் வந்து சொல்லக்கூடிய வீடா இருக்கோணும், நான் இவ்வளவு சொல்லுறதும் அதுக்காகத்தான்.

பிறந்த முதல் மாசங்களில கண்டிக்கிறதுக்கு ஒண்டுமே இல்ல. அழுகை ரெண்டாம் மாசமளவில கூடி மூண்டு நாலு மாசத்தில குறையும், பால் குடுத்து, துணி மாத்தி, தூக்கி நடந்தும் நிக்காட்டி அது உங்கட பிழையும் இல்ல பிள்ளையின்ர பிழையும் இல்ல. எவ்வளவு கோவம் வந்தாலும் பச்சைப்பிள்ளையப் பிடிச்சு உலுப்பக்கூடாது. கழுத்துப் பலமில்ல, தலை பாரம், உலுப்பினா மூளைக்குள்ள ரத்தம் கசியும், கண் போகலாம், உயிரே போகலாம். ஏலாமப் போனா பிள்ளைய மல்லாக்காப் படுக்கவச்சிட்டு முத்தத்தில போய் அஞ்சு நிமிசம் நிண்டு மூச்சு விட்டிட்டு வாங்கோ.

நடக்கத் தொடங்கினாப்பிறகுதான் உண்மையான வேலை. ஒண்டரை வயசுக்கும் மூண்டு வயசுக்கும் இடையில வேண்டாமெண்டா கை நிக்காது, அத அடக்கிற சக்தி மூளைக்கு இன்னும் வரேல்ல. அதால வீட்ட மாத்துங்கோ. கட்டில்லாத கிணத்துக்கு வேலி, வாய்க்கால் பக்கம் படலை, சுடுதண்ணிப் போத்தல், மண்ணெண்ணை, வயலுக்கு அடிக்கிற மருந்து எல்லாம் உயரத்தில, பூட்டி. றோட்டுக்கு ஓடினாத் தூக்கிக்கொண்டு வாங்கோ, கண்ணப் பாத்து "றோட்டில வாகனம், அம்மான்ர கையப் பிடி" எண்டு அதே வசனத்த ஒவ்வொருக்காலும் சொல்லுங்கோ, நூறு தரம் சொல்லவேண்டி வரும்.

கடைக்கு முன்னால விழுந்து புரண்டு அழுதா எல்லாரும் பாக்கினமே எண்ட வெக்கத்திலதான் கனக்க அடி விழுறது. பக்கத்தில குந்தி இருங்கோ, "கோவமா இருக்கு என்ன, எனக்கு விளங்குது, ஆனா இண்டைக்கு வாங்கிறேல்ல" எண்டு சொல்லிட்டுப் பேசாம இருங்கோ. அழுகைக்காக வாங்கிக் குடுத்தா நாளைக்கும் அழும், அதிலயும் உறுதியா நிக்கோணும். அடிக்காம வளர்க்கிறது எண்டா பிள்ளை செய்யிறதெல்லாத்தையும் விடுறதெண்டு நினைக்காதேங்கோ.

நாலு அஞ்சு வயசில செய்ததுக்கும் பலனுக்கும் தொடர்பு இருக்கோணும். பால ஊத்தினா துணியக் குடுத்துச் சேர்ந்து துடையுங்கோ. சைக்கிளோட கேற்றுக்கு வெளிய போனா அண்டைக்குச் சைக்கிள் உள்ள, நாளைக்குத் திருப்பிக் குடுங்கோ. போலிஸ் பிடிக்கும், பேய் வரும், உன்னை வித்துப்போடுவன் எண்டு வெருட்டுறது, பக்கத்துவீட்டுப் பிள்ளையோட ஒப்பிடுறது, முழங்காலில விடுறது, இதெல்லாமும் அடிதான். நல்லதச் செய்யேக்க கண்டு சொல்லுங்கோ, "செருப்ப ஒழுங்கா வச்சிட்டாய்" எண்டு, என்ன நல்லது செய்ததெண்டு பிள்ளைக்கு விளங்கிற மாதிரி.

பிள்ளையின்ர குழப்படியால விழுற அடியவிட எங்கட கரைச்சலால விழுற அடிதான் கூட. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் காசு கட்டுற கிழமைநாள், அறுவடை பிழைச்ச வருசம், குடிச்சிட்டு வாற இரவு. அந்த நாளுகள் எதெண்டு இப்பவே தெரியுமெல்லோ, அண்டைக்கு ஆர் பிள்ளையோட நிக்கிறது எண்டு பேசி வையுங்கோ. அப்பிடியும் ஒருநாள் கை நீண்டிட்டா, கோவம் ஆறினோடன "அப்பா அடிச்சது பிழை" எண்டு பிள்ளைக்கு நேர சொல்லுங்கோ, "நீ செய்ததாலதான்" எண்டு பின்னால ஒட்டாதேங்கோ.

பள்ளிக்கூடத்தில அடிக்கக்கூடாதெண்டு இலங்கைக் கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டது, ஆசிரியர் அடிச்சா அதிபரிட்டப் போய்க் கேளுங்கோ. மனசு தாங்காட்டி குடும்பநல மாதுவிட்டச் சொல்லுங்கோ, அவா வீட்ட வாறவாதானே, இல்லாட்டி 1926 க்கு எடுத்தா மனநல ஆக்களோட கதைக்கலாம். எந்தப் பிள்ளைக்கும் கொடுமை நடக்குதெண்டு கண்டா 1929, அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, தமிழிலயே சொல்லலாம். ரெண்டு நம்பரையும் கிளினிக் கொப்பியின்ர பின் அட்டையில எழுதி வையுங்கோ.