பல்பு எரிந்தால் வேலை முடிந்ததா? வீட்டு ஒயரிங்கில் நாம் செய்யும் தவறுகள்

கோபி பக்கம் எங்கள் வீட்டில் கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்று இருந்தது. ஈரக்கையோடு மாவைத் தள்ளும்போது மட்டும்தான். அம்மா அடுப்படியில் ஒரு ரப்பர் செருப்பைப் போட்டுவைத்து, மாவாட்டும்போது மாட்டிக்கொள்வார். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படியே ஓடியது. அப்புறம் பக்கத்து வீட்டுக்கு வேலைக்கு வந்த ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். பிளக் பாயிண்ட்டைக் கழற்றினார், பத்து நிமிடம் என்னவோ செய்தார், மூடினார். "தொட்டுப் பாருங்கக்கா" என்றார். தொட்டோம், ஷாக் இல்லை. காசு கொடுத்து அனுப்பிவிட்டோம்.

ஆறேழு மாதம் கழித்து ஃபேன் மாட்ட வந்த வேறொரு தம்பி, எதற்கும் பார்த்துவிடலாம் என்று அதே பாயிண்ட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஏனுங்கக்கா, இதுக்கு எர்த் ஒயரே வரலீங்களே. நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு ஒயர எடுத்து எர்த் பின்னுல முறுக்கி வெச்சிருக்குதுங்க."

"அவரு பாத்துட்டுப் போனதுக்கப்புறம் ஷாக்கே இல்லீங்களே தம்பி."

"இருக்காதுங்க. நியூட்ரல் எங்காச்சும் அத்துப்போச்சுன்னா, அன்னைக்கு கிரைண்டர் பூராவும் கரண்டு நிக்குமுங்க."

அவர் சொன்னது சத்தியம். கிரைண்டரின் உலோக உடம்பில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிடத்தான் எர்த். அதற்குப் பதில், கரண்ட் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலோடு உடம்பை இணைத்தால், நியூட்ரல் நன்றாக இருக்கும்வரை ஷாக் தெரியாது. மீட்டர் போர்டிலோ ஜங்ஷன் பாக்ஸிலோ அந்த நியூட்ரல் ஜாயிண்ட் விட்டுப்போனால், மோட்டார் வழியாக வரும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் நேராக உலோக உடம்பில் வந்து நிற்கும். கொஞ்சம் சுருக்கென்றிருந்த கிரைண்டரை, ஆளைக் கொல்லக்கூடிய கிரைண்டராக்கி விட்டுப் போயிருந்தார் முதலாமவர். அதற்குக் காசும் கொடுத்திருந்தோம். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோயமுத்தூர்ச் சீமையில் இது நடந்தது.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "தொட்டுப் பாருங்க" என்றதும் தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டது நாங்கள்தான். பல்பு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்பதுதான் மின்வேலைக்கு நாம் வைக்கிற ஒரே பரீட்சை. எர்த் இல்லாமலும் பல்பு எரியும். ஒல்லி ஒயரிலும் எரியும். சுவிட்சை, கரண்ட் வரும் ஒயரான பேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தாலும் எரியும், அணைத்தால் அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பு மாற்ற ஸ்டூல் மேல் ஏறுகிறவருக்குத்தான் அது தெரியவரும். சுவிட்சை அணைத்தும் எல்.இ.டி. பல்பு ராத்திரியில் மங்கலாக மினுக்கினால் இதற்காகவும் இருக்கலாம். வேறு காரணங்களும் உண்டு, எதற்கும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

யாரைக் கூப்பிடுகிறோம்

1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்ததிலிருந்து மில்லும் மோட்டாருமாக வளர்ந்த சீமை இது. தெருவுக்கு ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்கும். அதனால் கரண்ட் சம்பந்தப்பட்ட எதற்கும் மோட்டார் மெக்கானிக்கையே கூப்பிடும் பழக்கம் நமக்கு. போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டரில் அவர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. வீட்டுக்குள் டீபி பாக்ஸ், அதாவது கரண்ட்டை அறை அறையாகப் பிரித்துவிடும் பெட்டி, கட்டுவது வேறு வேலை. இன்வெர்ட்டர் இணைப்பது அதிலும் வேறு. லைன்மேன் தெரிந்தவர் என்று அவரிடம் வீட்டு ஒயரிங்கைக் கொடுப்பதும் இதே கதைதான். கம்பத்திலிருந்து மீட்டர் வரை அவருக்கு அத்துப்படி, மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ளது வேறு படிப்பு.

தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் ஒயர்மேனுக்குத் தகுதிச் சான்றும் கான்ட்ராக்டருக்கு லைசென்ஸும் தருகிறது. ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற யாரும் சான்று கேட்கப் போவதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் முழு வீட்டு ஒயரிங், த்ரீ பேஸ் வேலை, மெயின் மாற்றுவது என்றால் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. லைசென்ஸ்காரரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வேலையை வேறு யாரோ பார்ப்பதும் உண்டு. கையெழுத்துப் போடுகிறவர் ஒருமுறையாவது வீட்டுக்கு வந்து பார்க்கட்டும்.

போனில் "கரண்ட் வரலீங்க, கொஞ்சம் வர்றீங்களா" என்று மட்டும் சொல்வது இன்னொரு தவறு. எந்த அறை, எப்போதிருந்து, அப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருந்தது, கருகல் வாடை வந்ததா, பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறதா என்று சொல்லி, டீபி பாக்ஸை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால், வருகிறவர் வேண்டிய சாமானோடு வருவார். இல்லாவிட்டால் ஏணியில் ஏறி இறங்கி, கடைக்குப் போய்வந்து, நம் அரை நாள் போய்விடும்.

டிரிப் ஆகிறது என்றால்

எல்லாவற்றிலும் அதிகம் நடக்கும் தவறு இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மாலையில் ஹீட்டர் போட்டால் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) டப்பென்று விழுகிறது. எலக்ட்ரீஷியன் வருகிறார். 16 ஆம்பியர் எம்.சி.பி.யைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுகிறார். இனி விழாது. நமக்கும் நிம்மதி. ஆனால் அந்த எம்.சி.பி. காப்பாற்றிக்கொண்டிருந்தது சுவருக்குள் ஓடும் ஒயரை. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 32 ஆம்பியர் எம்.சி.பி. காப்பாற்றாது. எம்.சி.பி. விழுவதற்குள் பைப்புக்குள் ஒயர் சூடேறி, மேலுறை இளகிவிடும். பழைய பியூஸ் கட்டையில் ஒரு இழைக்குப் பதில் நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவார்களே, அதையேதான் புது வேஷத்தில் செய்கிறோம்.

கணக்கு பெரிய வித்தையில்லை. வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 2,000 வாட் கெய்சர் 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும், 3,000 வாட் என்றால் 13. லைட் பாயிண்ட்டோடு இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. அதில் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகினால் பிளக் பழுப்பேறாமல் என்ன செய்யும்? லைட், ஃபேனுக்கு 1.5 ஒயர், 16 ஆம்பியர் பவர் பாயிண்ட்டுக்கு 2.5, ஏ.சி., பெரிய கெய்சருக்கு 4 என்பது வழக்கமான அளவு. ஹீட்டருக்குத் தனி ஒயர் இழுக்கச் சொன்னால் செலவுதான், சுவரையும் கொஞ்சம் வெட்ட வேண்டிவரும். எம்.சி.பி.யை மாற்றினால் நூறு, இருநூறு ரூபாயோடு முடிகிறது. இந்த வித்தியாசத்தில்தான் நாம் விழுகிறோம்.

ஆர்.சி.சி.பி. விஷயத்தில் இதைவிட மோசம். எம்.சி.பி. ஒயரைக் காக்கும், ஆர்.சி.சி.பி. ஆளைக் காக்கும். பேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது சதா பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் போடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அவ்வளவு சின்ன கசிவுக்கே விழுந்துவிடும். அதனாலேயே மழைக்காலத்தில் ஈரமேறிய வெளி லைட்டால் விழும், இன்வெர்ட்டர் நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு கலந்து கட்டியிருந்தாலும் விழும். "இது சும்மா சும்மா தொந்தரவு பண்ணுதுங்க" என்று அதை பைபாஸ் செய்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். ஒன்றும் இல்லாமல் அது விழாது. ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் கசிவு என்று தெரிந்துவிடும். அந்தப் பொறுமை இல்லாத எலக்ட்ரீஷியன் வேண்டாம்.

மண்ணுக்குள் இருப்பது

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அந்தத் தம்பி எர்த் ஒயரைத் தேடிக்கொண்டே வாசலுக்குப் போனார். வீடு கட்டியபோது காம்பவுண்ட் ஓரத்தில் பைப் இறக்கி, உப்பும் கரியும் போட்டு எர்த் குழி வைத்திருந்தோம். பிறகு வாசலுக்கு டைல்ஸ் ஒட்டியபோது மேஸ்திரி அதன்மேலேயே கான்கிரீட் போட்டு மூடிவிட்டார். கம்பி அறுந்து மண்ணுக்குள் கிடந்தது. எத்தனை வருஷமாக அப்படிக் கிடந்ததோ.

ஓடைக்கல்லும் சுக்காம்பாறையுமாக உள்ள நம் மண்ணில் எர்த் பிடிப்பதே சிரமம். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் மழையும் குறைவு. குழி வறண்டால் மண் கரண்ட்டை வாங்காது. சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும், அதற்குக் குழியின் வாய் வெளியே தெரிய வேண்டும். குழியின்மேல் டைல்ஸ் ஒட்டாதீர்கள், பூந்தொட்டியை வைத்தும் மறைக்காதீர்கள். எர்த் இருக்கிறதா என்பதை டெஸ்டரை வைத்து மட்டும் முடிவுகட்டவும் முடியாது. டெஸ்டர் பேஸைக் காட்டும், அவ்வளவுதான். எர்த்தைப் பார்க்க அதற்கான மீட்டர் வேண்டும். எர்த் வேலை முடிந்ததும் எத்தனை ஓம் காட்டுகிறது என்று கேளுங்கள், வீட்டுக்கு 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது.

கூலி பேசும்போது

பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று பேசுவதுதான் இங்கே வழக்கம். எதை ஒரு பாயிண்ட் என்கிறார் என்பதைப் பேசாமல் விட்டால் கடைசியில் தகராறு. லைட்டும் சுவிட்சும் சேர்ந்து ஒன்றா? பவர் பாயிண்ட் ஒன்றா, ஒன்றரையா? சுவர் வெட்டுவது, பூசுவது யார் கணக்கு? ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாமானை அவரே வாங்கட்டும் என்று விட்டால் பில் கேளுங்கள். ஒயர் காயிலில் எலக்ட்ரீஷியனுக்கென்று கூப்பன் வைக்கும் கம்பெனிகள் உண்டு. அதை அவர் எடுத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை. கூப்பனுக்காக ஒயர் மாறாமல் இருந்தால் சரி. 90 மீட்டர் காயிலை அட்டையோடு பார்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அளவும் சரியா என்று பார்த்த பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். பச்சை எர்த், கறுப்பு நியூட்ரல், பேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம். "சிவப்பு தீர்ந்துபோச்சுங்க, பச்சையவே பேஸுக்கு ஓட்டிக்கலாமுங்க" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பத்து வருஷம் கழித்து வேறொருவர் அதை எர்த் என்று நம்பித் தொடுவார்.

புது வீடா? பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் பைப்போடு போட்டோ எடுங்கள், பக்கத்தில் டேப்பை நீட்டிவைத்து. சாமி படம் மாட்ட டிரில் போடும் நாளில் அதன் அருமை தெரியும்.

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிணற்று மோட்டாருக்குக் கொடுத்த இலவச சர்வீஸிலிருந்து சாளைக்கு லைட் இழுப்பது சட்டப்படியே கூடாது. மேலும், வேலியோரம் மரத்தில் கட்டி இழுத்த அந்த ஒயரை மாடும் எலியும் கடிக்கும். வீட்டுக்குத் தனி சர்வீஸ் வாங்கிவிடுங்கள்.

கையை வைக்கக் கூடாத இடம்

ஆடிக் காற்றில் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னை மட்டை லைன்மேல் விழாத வருஷம் கிடையாது. லைன் அறுந்து கிடந்தால் அருகில் போகாமல், ஆளையும் மாட்டையும் தள்ளி நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழையுங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ள பியூஸும் அவர்கள் பொறுப்புதான். எலக்ட்ரீஷியனை அங்கே கைவைக்கச் சொல்லாதீர்கள்.

காற்றடிக்கும்போது ஒரு அறையில் லைட் பளீரென்று கண்ணைக் கூசி, இன்னொரு அறையில் மங்கினால், நியூட்ரல் போயிருக்கலாம். ஓடிப்போய் மெயினை அணையுங்கள். ஒரு நிமிடம் விட்டாலும் ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் போய்விடும்.

அந்தத் தம்பி புது எர்த் குழி எடுத்து, ஆர்.சி.சி.பி.யும் மாட்டி, அதிலுள்ள 'டி' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அமாவாசைக்கு அமாவாசை அழுத்துகிறார். டப்பென்று விழுந்தால் மேலே தூக்கிவிட்டு விரதச் சமையலைப் பார்க்கப் போய்விடுவார். போன ஆவணியில் விழவில்லை. சாயங்காலமே அந்தத் தம்பி வந்து புதுசு மாட்டிக் கொடுத்தார்.