கொல்லைத் தோட்டமும் கோழிக்கூடும்: பாம்பு அண்டாமல் வைத்துக்கொள்ளும் முறை

கொல்லையில் நான்கைந்து நாட்டுக்கோழிகளும் இரண்டு பாத்தி கத்தரி, வெண்டையும் வைத்திருப்பவர்கள், பாம்பை விரட்ட எதைத் தெளிக்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அப்படித் தெளிப்பதற்கு எதுவும் இல்லை. பூண்டுக் கரைசல், பெருங்காயத் தண்ணீர், கந்தகத் தூள், வாசலில் தொங்கவிடும் ஆகாசக் கருடன் கிழங்கு, வேலியோரம் நடும் சிறியாநங்கை ஆகிய எவையும் பாம்பைத் தடுத்ததற்கு நம்பத் தகுந்த சான்று கிடையாது. கார்பாலிக் அமிலத்தைக் கூட்டைச் சுற்றி ஊற்றினால் மண்ணைக் கிளறித் தின்னும் கோழிக்குத்தான் கேடு. பாம்பு இரையையும் ஒதுங்கும் இடத்தையும் தேடித்தான் வருகிறது. வெயில் காலத்தில் ஈரத்தையும் நிழலையும் தேடி வரும். இவற்றில் இரையை, அதிலும் எலியை, முதலில் ஒழுங்குபடுத்தினால் மற்ற வேலைகள் வெகுவாகக் குறைந்துவிடும்.

கோழிக்குத் தீவனம் போடுகிறவர் பெரும்பாலும் தம்மை அறியாமலே எலிக்கும் போடுகிறார். குருணையும் கம்பும் தவிடும் சாக்கில் திறந்து கிடந்தாலோ, மாலையில் இறைத்த தீவனத்தில் மிச்சம் இரவு முழுவதும் தரையில் இருந்தாலோ, கொல்லையில் எலி வளை பெருகும். அதன் பின்னாலேயே சாரையும் நல்ல பாம்பும் வரும். ஆகவே, கோழிகள் அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீவனம் வையுங்கள்; பொழுது சாய்வதற்குள் தீவனத் தட்டை எடுத்துவிட்டுத் தரையைப் பெருக்கிவிடுங்கள்; இருப்பை இறுக்கமான மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். எந்த வளையில் எலி இருக்கிறது என்று அறிய, மாலையில் எல்லா வளைகளின் வாயையும் ஈர மண்ணால் பூசிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால் போதும். திறந்திருப்பவைதான் புழக்கத்தில் உள்ளவை. அவற்றின் அருகே கூண்டுப் பொறியையோ, டெல்டா மாவட்டங்களில் வயலில் வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டியையோ வைக்கலாம். எலி மருந்து வேண்டாம். மருந்து தின்று செத்த எலியைக் கோழியோ பூனையோ கொத்திவிட்டால் இழப்பு நம்முடையது. புழக்கமற்ற வளைகளைக் கல்லும் மண்ணும் இட்டு இறுக்கி மூடிவிட வேண்டும். நல்ல பாம்பு எலி வளைக்குள்ளேயே முட்டையிடுவதும் உண்டு என்பதால், எந்த வளைக்குள்ளும் கையை விடாதீர்கள்.

முட்டை காணாமல் போவதெல்லாம் பாம்பின் வேலை அல்ல. பாம்பு முட்டையை முழுதாக விழுங்கும். ஆகவே அடைப்பெட்டியில் ஓட்டுத் துண்டோ சிந்திய கருவோ இராது. உடைந்த ஓடும் ஒழுகிய மஞ்சளும் கிடந்தால் கீரி, பெருச்சாளி, காகம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். சில சமயம் முட்டை தின்னப் பழகிய நம் கோழியே குற்றவாளியாக இருக்கும். கழுத்து கடிபட்டுப் பெரிய கோழி செத்துக் கிடந்தால் அது கீரி அல்லது காட்டுப்பூனையின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாறாக, வளர்ந்த குஞ்சு ஒன்று செத்துக் கிடந்து, அதன் தலையிலும் கழுத்திலும் மட்டும் இறகு நனைந்து ஒட்டிப் படிந்திருந்தால், பாம்பு அதை விழுங்கப் பார்த்து முடியாமல் கக்கிவிட்டுப் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

கூட்டைப் பொறுத்தவரை பலரும் ஏமாறுவது வலையில்தான். கடையில் கோழி வலை என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், பாம்பை வெளியே வைத்திருக்காது. முக்கால் அங்குலக் கண்ணில் இளம் பாம்பு தயங்காமல் நுழையும். நுழைந்தது ஒரு முட்டையை விழுங்கிவிட்டால் வயிறு புடைத்து வெளியேற முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும். காலையில் கதவைத் திறக்கும் கைக்கு அதுவே பெரிய ஆபத்து. கால் அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த இரும்புக் கம்பி வலையைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்காவது அடித்து, அதன் கீழ் விளிம்பை ஓரடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்துவிடுங்கள். சாரை நன்றாக மரம் ஏறும் என்பதால் காற்றுத் துளைகளுக்கும் கூரை இடுக்குக்கும் அதே வலை தேவை. கூட்டைக் கால் நட்டு இரண்டடி உயர்த்தி, அடியில் விறகும் ஓடும் அடுக்காமல் வெறுமையாக விட்டால் அந்த இடம் எலிக்கும் பாம்புக்கும் உதவாது. கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் பலகை வைத்து அடையுங்கள்.

குஞ்சுகளைப் பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பது பகலில் பருந்துக்குச் செய்யும் ஏற்பாடு; இரவில் பாம்புக்கு அது உதவாது. மூங்கில் இடுக்கு வழியாகப் பாம்பு உள்ளே போய்விடும், குஞ்சு வெளியே ஓட முடியாது. அடைகாக்கும் இருபத்தொரு நாளும், குஞ்சு பொரித்த முதல் சில வாரங்களும் தாயையும் குஞ்சுகளையும் வலையடித்த கூட்டுக்குள்ளேயே இரவில் வைக்க வேண்டும். முட்டையை அன்றன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். இருட்டிய பின் எடுக்க நேர்ந்தால் டார்ச் அடித்துப் பெட்டியைப் பார்த்துவிட்டே கையை நீட்டுங்கள். கினிக்கோழியும் வான்கோழியும் பாம்பைக் கண்டால் ஊரைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் அவை காவலுக்குத்தான் உதவும். வேலிக்கு மாற்று ஆகா.

காய்கறிப் பாத்தியில் கவனிக்க வேண்டியது மூடாக்கு. மண்ணுக்கு மூடாக்கு நல்லதுதான், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்; ஆனால் கை வைத்துப் பறிக்கும் செடிகளின் அடியில் இலைச் சருகை முழங்கால் அளவுக்குக் குவிக்காமல் இரண்டு அங்குலத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. கண்ணாடி விரியன் சருகில் படுத்தால் அதன் நிறமும் சருகின் நிறமும் ஒன்றாகிவிடும். தென்னை மட்டை, விறகு, செங்கல், பழைய ஓடு ஆகிய குவியல்களை வீட்டையும் கூட்டையும் விட்டுத் தள்ளி, தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். எருக்குழியைக் கிளறும்போது வெறுங்கை கூடாது. கதகதப்பான மட்கு, பாம்பு முட்டையிடும் இடங்களில் ஒன்று. ஒழுகும் குழாயடியில் தவளை சேரும், தவளைக்குப் பாம்பு வரும். பந்தலுக்கும் வேலிக்கும் மெல்லிய நைலான் வலையைத் தரையில் புரளும்படி விடாதீர்கள். அதில் சிக்கிய பாம்பை விடுவிக்கப் போய்க் கடிபடுபவர்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் வளைகளில் நீர் புகும்போது பாம்புகள் மேட்டை நாடிக் கூட்டுக்கும் வீட்டுக்கும் வரும் என்பதால் ஐப்பசிக்கு முன்பே இந்த வேலைகளை முடித்துவிட வேண்டும்.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கை மட்டுமாவது அடையாளம் தெரிந்து வைத்திருங்கள். கண்ணாடி விரியன் தடித்த உடலில் மூன்று வரிசைச் சங்கிலி வட்டங்களோடு, குக்கர் ஆவி விடுவது போலச் சீறும். கட்டுவிரியனையும் விஷமற்ற ஓட்டுப் பாம்பையும் குழப்பிக்கொள்வது சகஜம்: கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, தலைப்பக்கம் மங்கி வால்பக்கம் தெளிவாக இருக்கும், ஓட்டுப் பாம்பில் கழுத்துப் பக்கம் தெளிந்து வால்பக்கம் மங்கும். இருட்டில் இந்த ஆராய்ச்சி வேண்டாம். சாரையை நல்ல பாம்பின் ஆண் என்று சொல்லி அடித்துக் கொல்வது பெரிய அநியாயம். அது வேறு இனம், விஷமற்றது, நாம் பொறி வைத்துப் பிடிப்பதைவிட அதிக எலியைத் தின்னக்கூடியது. பாம்புகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் அடித்துக் கொல்வது குற்றமும் ஆகும்.

பாம்பைக் கண்டால் குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, பத்தடியாவது தள்ளி நின்று, அது போகும் திசையைப் பாருங்கள். வேலி தாண்டிப் போனால் விட்டுவிடலாம். கூட்டுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ இருந்தால் கண்ணை எடுக்காமல் தீயணைப்பு மீட்புத் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள்.

கடிபட்டுவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் இல்லாமலே இருக்கலாம் என்பதால், தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிவு என்று சொன்னாலும் தாமதிக்கக் கூடாது. பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து மேற்சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கை 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியிலிருந்து கொடுத்து வருகிறது. கடித்த நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள்.