மண்டையைப் பார்த்துக் குணம் சொல்லும் சாஸ்திரத்தைக் கேலி செய்யும் பொம்மைத் தலை: செய்முறை

மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவியே ஒருவருடைய குணத்தைச் சொல்லிவிடலாம் என்று, வியன்னாவில் மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் ஜோசப் கால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கற்பிக்கத் தொடங்கினார். மூளை 27 உறுப்புகளாகப் பிரிந்திருக்கிறது, எது பருத்திருக்கிறதோ அதற்கு மேலுள்ள எலும்பும் புடைத்திருக்கும் என்பது அவர் கொள்கை. அதைக் கேலி செய்யும் தலையொன்றை நவராத்திரிக் கொலுவுக்கோ பள்ளி அறிவியல் கண்காட்சிக்கோ செய்ய, திருநெல்வேலிப் பக்கத்துக் காருகுறிச்சியில் வனைந்த கலயம் ஒன்று போதும்.

அடிப்பாகம் சீராக உருண்ட கலயமாகப் பார்த்து வாங்கிக் கவிழ்த்து வையுங்கள்; அடி உச்சந்தலையாகவும் வாய் கழுத்தாகவும் அமைந்துவிடும். சுட்ட மண்ணில் பச்சைக் களிமண் காய்ந்ததும் உதிர்ந்துவிடும் என்பதால், மூக்கையும் காதுகளையும் எம்-சீலால் செய்து ஒட்டி, இறுகிய பின் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பிரைமர் இரண்டு முறை பூசுங்கள். பிறகு பென்சிலால் 27 கட்டங்கள் வரைந்து, மெல்லிய தூரிகையால் கறுப்புக் கோடு இழுத்து எண்ணிடுங்கள்.

கட்டங்களுக்குள் எழுதும் சொற்களில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. முகத்தின் நிழலுருவைக் கொண்டு குணம் சொன்ன லவாட்டரை மறுக்க, கோட்டிங்கன் இயற்பியலாளர் லிக்டன்பெர்க் 1783இல் பன்றி வாலையும் நாய் வாலையும் நிழலுருவாக வரைந்து, அதே பண்டிதத் தோரணையில் அவற்றின் குணங்களை ஆராய்ந்து எழுதினார். ஓரிடத்திலும் அவர் தாமே சிரித்துக் காட்டவில்லை. நீங்களும் அவ்வாறே எழுத வேண்டும்: காதுக்குப் பின்னால் "சொதிச் சாப்பாட்டில் இஞ்சித் துவையலைத் தேடும் உறுப்பு", உச்சியில் "மற்ற ஊர்த் தண்ணீரைத் தாமிரபரணியோடு ஒப்பிட்டுக் குறைகூறும் உறுப்பு", புருவத்துக்கு மேல் "குற்றாலத்தில் சாரல் தொடங்கியதை முதலில் அறியும் உறுப்பு". கடைசியானதை இடம் மாற்றாதீர்கள். அந்த இடத்தில் நெற்றியெலும்புக்குள் இருப்பது காற்று நிறைந்த பொந்து, மூளையன்று. மண்டையின் வெளிப்புறம் மூளையின் வடிவத்தைப் பின்பற்றுவதில்லை என்பதை இந்த ஒரு கட்டத்தைக் கொண்டே பிள்ளைகளுக்கு விளக்கிவிடலாம்.

சாதி, நிறம், மூக்கின் வடிவம், குறிப்பிட்ட ஊரார் என்று எதையும் எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள். 1830களில், வழிப்போக்கர்களைக் கொன்று கொள்ளையடித்ததாகத் தூக்கிலிடப்பட்ட தக்கர்கள் ஏழு பேரின் மண்டையோடுகள் எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டு, அவர்களுடைய குற்றம் எலும்பில் தெரிகிறதா என்று அளக்கப்பட்டன. மனிதர்களை அப்படி அளந்த அளவுகோலைத்தான் நாம் கேலி செய்கிறோம், அளக்கப்பட்டவர்களை அல்ல. இதில் சிறிதும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தலையின் அருகில் ஒரு கிண்ணத்தில், ரயில் நிலையத்து எடை இயந்திரத்தில் விழும் சீட்டுப் போன்ற பலன் சீட்டுகளை மடித்து வையுங்கள். எல்லாச் சீட்டிலும் ஒரே வாசகம் இருக்க வேண்டும்: "நீங்கள் வெளியே உறுதியாகத் தோன்றினாலும் உள்ளுக்குள் சில வேளை தயங்குகிறீர்கள்." 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு இத்தகைய ஒரே குணவிளக்கத்தைத் தனித்தனியாகக் கொடுத்தபோது, அது தமக்குப் பொருந்துவதாக அவர்கள் அளித்த சராசரி மதிப்பு 5க்கு 4.26. பார்வையாளர் முதலில் தம் சீட்டைத் தனியே படித்து அது பொருந்துகிறதா என்று சொல்லட்டும். அதன் பின்னரே அருகில் நிற்பவரின் சீட்டை வாங்கி உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.