கனடாவில் நிதித் திட்டமிடுநர் ஆவதற்கு: லைசென்ஸோடு நின்றுவிடாதீர்கள்

கனடாவுக்கு வந்து ஆறு மாதம் ஆகுமுன்னரே உங்களுக்கு ஓர் அழைப்பு வரக்கூடும். ஊரவர், உறவினர், கோயிலில் பழகியவர் என்று யாராவது எடுப்பார்கள். "தம்பி, நீங்கள் ஊரில பாங்கில வேலை செய்தனீங்கள்தானே? பார்ட் டைமாச் செய்யக்கூடிய நல்ல பிஸ்னஸ் ஒண்டு இருக்கு. சனிக்கிழமை ஒருக்கா மீட்டிங்குக்கு வாங்கோ."

நானும் போனேன். அப்போது இரவில் களஞ்சிய வேலை. மூன்று மாதம் படித்து ஆயுள் காப்புறுதி விற்பதற்கான லைசென்ஸை எடுத்தேன். முதல் வாடிக்கையாளர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். அதில் ஒரு மாமாவுக்கு, மாதக்கட்டணம் கூடிய வாழ்நாள் காப்புறுதி ஒன்றை எழுதிக்கொடுத்தேன். இரண்டாவது குளிர்காலத்தில் அவருடைய தொழிற்சாலையில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். கட்டணம் கட்ட முடியவில்லை, காப்புறுதி காலாவதியானது. எனக்குத் தந்த தரகுப் பணத்தை நிறுவனம் திருப்பி எடுத்துக்கொண்டது. அது பரவாயில்லை. மாமா கட்டிய காசு திரும்பி வரவில்லையே என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அவருக்கு வேண்டியிருந்தது குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் எடுக்கும், கட்டணம் குறைந்த டேர்ம் காப்புறுதியும், கிரெடிட் கார்ட் கடனை அடைக்க ஒரு ஒழுங்கும். அதைக் கண்டுபிடிக்கும் அறிவு என்னிடம் இருக்கவில்லை. நான் படித்தது விற்பனைக்கான பாடம்.

லைசென்ஸ் ஒரு பொருளை விற்க அனுமதி தருகிறது. நிதித் திட்டமிடுநருக்கான சான்றிதழ் ஒரு குடும்பத்தின் முழு நிதி நிலையையும் பார்த்துத் திட்டம் போடும் தகுதியைக் காட்டுகிறது. நம்மவர்கள் பலர் முதலாவதை எடுத்துவிட்டு, இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஒன்ராறியோவில் ஆயுள் காப்புறுதி விற்க எல்.எல்.கியூ.பி. என்ற பாடநெறியை முடித்து, நான்கு பகுதிகள் கொண்ட பரீட்சையில் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 60 வீதம் எடுக்கவேண்டும். லைசென்ஸ் தருவது எஃப்.எஸ்.ஆர்.ஏ. என்ற மாகாண ஒழுங்காற்று நிறுவனம். பலருடைய பணத்தைச் சேர்த்து முதலிடும் மியூச்சுவல் ஃபண்ட் விற்பதற்கு வேறு பாடநெறி, வேறு பதிவு. அந்தத் துறையை 2023 முதல் சிரோ என்ற அமைப்பு மேற்பார்வை செய்கிறது. இவற்றை எடுப்பது தவறில்லை. வாடகை கட்டவேண்டும், ஊருக்கும் அனுப்பவேண்டும். உழைத்துக்கொண்டே படிக்க இவை உதவும்.

முன்பு ஒன்ராறியோவில் யார் வேண்டுமானாலும் "ஃபைனான்ஷியல் பிளானர்" என்று விசிட்டிங் கார்ட் அடிக்கலாம். 2022 மார்ச் 28 அன்று அந்த நிலை மாறியது. அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்றின் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பெயரைப் போடுவது இப்போது சட்டத்துக்கு மாறானது. ஆகவே புதிதாகச் சேர்பவரிடம் முதல் நாளே அந்தப் பெயரில் கார்ட் அடித்துத் தரும் இடத்தில் கால் வைக்காதீர்கள். கியூபெக்கின் சட்டமும் சான்றிதழும் வேறு. மொன்றியலில் குடியேறுபவர்கள் அங்குள்ள விதிகளையே பார்க்கவேண்டும்.

கியூபெக்குக்கு வெளியே மிகவும் மதிக்கப்படுவது சி.எஃப்.பி. சான்றிதழ். வழங்குவது எஃப்.பி. கனடா என்ற தொழில்சார் அமைப்பு. முதலில் அடிப்படைப் பாடநெறி: வரி, காப்புறுதி, முதலீடு, ஓய்வுகால வருமானம், சொத்து உரிமை மாற்றம் எல்லாம் அதில் வரும். பிறகு தொழில் ஒழுக்கம், உயர்நிலைப் பாடநெறி, பரீட்சை. இவற்றோடு மூன்று வருட வேலை அனுபவமும் காட்டவேண்டும். சான்றிதழ் கிடைத்த பிறகும் வருடத்துக்கு 25 மணிநேரத் தொடர்கல்வி உண்டு. அவ்வளவு தூரம் உடனே ஓட முடியாதவர்களுக்கு, ஒரு வருட அனுபவத்தோடு பெறக்கூடிய கியூ.ஏ.எஃப்.பி. என்ற படி இருக்கிறது. பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் வீட்டில் நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

கொழும்பில் சீமா என்ற கணக்கியல் படிப்பை முடித்தவர்கள், இந்தியாவில் சி.எஃப்.பி. எடுத்தவர்கள் பலர் இங்கே வருகிறார்கள். உங்கள் படிப்பு வீண்போகாது. ஆனால் சி.எஃப்.பி. என்பது பல நாடுகளில் ஒரே பெயரில் இருந்தாலும், கனடாவில் அதைப் பெயருக்குப் பின்னால் போட எஃப்.பி. கனடாவின் சான்றிதழ் வேண்டும். இங்குள்ள வரிச் சட்டம் நீங்கள் படித்தது அல்ல. பாடநெறிக்குப் பணம் கட்டுமுன் எந்தப் பகுதியில் விலக்குக் கிடைக்கும் என்று அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். பட்டங்களை மதிப்பிட்ட அறிக்கை கையில் இருந்தால் வேலை தேடும்போதும் உதவும்.

அனுபவத்துக்கு வங்கிக் கிளை நல்ல இடம். கவுண்டரில் ஆரம்பித்தாலும் பரவாயில்லை. சம்பளம் நிலையானது, பாடநெறிக் கட்டணத்தைத் தாங்களே ஏற்கும் வங்கிகளும் உண்டு. மாதக் கடைசியில் யாருக்காவது எதையாவது விற்றே ஆகவேண்டும் என்ற நெருக்குதல் தரகை மட்டும் நம்பிய வேலையைவிடக் குறைவு.

இவ்வளவு கஷ்டப்படவேண்டுமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நம் வீடுகளையே காட்டுவேன். டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு 2009இல் தொடங்கியது. அந்த வருடத்திலிருந்து சேர்ந்த முழுத்தொகையையும் போடலாம் என்று நினைத்து, போன வருடம் வந்த ஒருவர் பெரிய தொகையைப் போடுவார். அவர் போடக்கூடிய தொகை, அவர் கனடாவில் வதிவாளராகிய வருடத்திலிருந்துதான் கணக்கு. கூடுதலாகப் போட்ட பணத்துக்கு மாதம் 1 வீதம் தண்டவரி. இன்னொரு வீட்டில், யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு விட்ட வீடும் கொழும்பு வங்கியில் வைப்பும் சேர்த்து, வாங்கிய விலையில் ஒரு லட்சம் டொலருக்கு மேல் போகும். வந்த முதல் வருடத்துக்கு விலக்கு உண்டு, அதற்குப் பிறகு வெளிநாட்டுச் சொத்தை அறிவிக்கும் டி1135 வரிப் படிவம் நிரப்பவேண்டும். யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். கியூபெக்குக்கு வெளியே அம்மா அப்பாவை ஸ்பொன்சர் செய்பவர், அவர்களைப் பராமரிக்கும் 20 வருடப் பொறுப்பை ஏற்கிறார். அவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் கிடைக்க, 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 வருடம் இங்கே வசித்திருக்கவேண்டும் என்பது விதி. பிள்ளையின் மேற்படிப்புக்கான ஆர்.இ.எஸ்.பி. சேமிப்புக் கணக்கில் வருடம் 2,500 டொலர் போட்டால் அரசு 500 டொலர் சேர்க்கும். ஆனால் அந்த 2,500 சீட்டுக்குப் போகிறது.

இவற்றை ஒரே மேசையில் வைத்து, தமிழில் பொறுமையாகப் பேசி, அவசரமில்லாமல் விளங்கப்படுத்த ஆள் வேண்டும். ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் காப்புறுதி விற்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த மேசையில் உட்கார இன்னும் ஆட்கள் தேவை.

நேர்முகத்துக்குப் போகும்போது நீங்களும் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே நான் செய்யும் வேலை சி.எஃப்.பி. அனுபவமாகக் கணக்கில் எடுக்கப்படுமா? எனக்கு மேலே இருப்பவரிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா? முதல் வருடத்தில் சொந்தக்காரரின் பெயர்ப் பட்டியல் எழுதித் தரச் சொல்வீர்களா? மூன்றாவது கேள்விக்கு "ஓம்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள்.