வாயுப் பிடிப்பு, டயரில்

ஸ்போர்ட்ஸ் காரில் தினமும் வேலைக்குப் போய்வர ஆரம்பித்த மூன்றாம் வாரமே இடுப்பு பிடித்துக்கொண்டது. வாயுப் பிடிப்பு என்றார்கள் வீட்டில். வாயு இருந்தது உண்மைதான், ஆனால் டயரில்!

பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் கப் ஹோல்டரில் கிடக்கும் சாவி துள்ளும். குலுக்கலைக் குறைக்கும் கம்ஃபர்ட் மோடுக்கு மாற்றியும் பெரிய பலனில்லை. சரி என்று ஒரு நாள் காலையில், டயர் சூடாகும் முன் காற்றை அளந்தேன். கதவுத் தூணில் ஒட்டியிருந்த அட்டவணையில் சாதாரண ஓட்டத்துக்கு 33 பி.எஸ்.ஐ., முழுப் பாரத்துக்கு 39. யாரோ நான்கிலும் 41 அடித்திருந்தார்கள். 33க்கு இறக்கியதும் பாதி உலுக்கல் போய்விட்டது.

மீதி உலுக்கலுக்குக் காரணம், காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயரின் விறைத்த பக்கச்சுவர். தேய்ந்ததும் அதே அளவில் சாதாரண டயர் போட்டேன். ஸ்பேர் டயர் இல்லாத கார், அதனால் டிக்கியில் பஞ்சர் கிட் கட்டாயம்.